தோல் வசூல்

சென்னையில் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் அங்கே ஒரு 'தோட்டத்து சார்' இருப்பார். பெரும்பாலும் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஒரு துளசிச் செடிக்குக்கூட அவர் கையால் தண்ணீர் விட்டதில்லை. பணிநிறைவு விழாவில் போர்த்திய சால்வையின் மடிப்புக் கலைவதற்குள் மொட்டைமாடியில் முப்பது க்ரோ பேக் வந்து இறங்கிவிடும். கிளை அலுவலகத்தை விட்டு வந்தாரே தவிர, வசூல் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. அன்று கடன் தவணை, இன்று காய்கறித் தோல்.

காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் பால்காரர் என்று நம்பிக் கதவைத் திறக்கக் கூடாது. பச்சை வாளியோடு சார் நிற்பார்.

"நேத்து உங்க வீட்ல பீர்க்கங்காய்க் கூட்டு வாசனை வந்துதே. தோல் எங்கேம்மா?"

"துவையல் அரைச்சுட்டேன் சார்."

சாரின் முகம் சுருங்கும். தோலையும் விடாமல் துவையலாக்கித் தின்றுவிட்ட வீட்டின்மேல் என்ன நடவடிக்கை எடுப்பது? நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே வாராக்கடன் என்று குறித்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நகர்வார்.

அவர் சொல்வது எல்லாம் சரி என்பதுதான் நமக்கு இருக்கும் பெரிய சங்கடம். ஈரக் கழிவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ காய்ந்த இலை போட வேண்டும், டிரம்மில் காற்றுப் போக ஓட்டை வேண்டும், ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்க வேண்டும், அவ்வப்போது கிளற வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். காய்ந்த இலை குறைந்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறும். சாரின் டிரம்மும் ஒருமுறை நாறியது. மூன்றாம் மாடியில் துணி காயப்போட முடியாமல் எல்லோரும் திரண்டு போனோம். "நாத்தமா? நைட்ரஜன் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார், தணிக்கை அதிகாரிக்குப் பதில் சொல்லும் தோரணையில்.

அடுத்தது பயோ என்சைம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்க அருமையான திரவம். முதல் மாதம் மட்டும் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த சார், பாட்டிலை மாடிப்படி அடியில் இறுக மூடி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டார். நடுராத்திரி வெடித்த சத்தத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று சங்கச் செயலாளர் மின்வாரியத்துக்கே போன் போட்டுவிட்டார். பிரசாதத்தோடு திரும்பிய சார் கேட்ட முதல் கேள்வி: "கசடை யாராவது எடுத்து வெச்சீங்களா? செடிக்கு நல்லது."

சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது டிடிஎஸ் மீட்டர். உங்கள் வீட்டுக்கு வந்தால் காபி வேண்டாம் என்பார். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரில் மீட்டரை முக்கிப் பார்ப்பார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்காகப் பல இயந்திரங்கள் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளச் சொல்வார். செடிக்குத் தொடர்ந்து ஊற்ற விடமாட்டார், மண்ணில் உப்பேறும். செடிக்கு ஏசி சொட்டும் தண்ணீர். அவர் வந்துபோன வீடுகளில் ஏசிக் குழாய்க்கு அடியில் ஒரு வாளியைப் பார்க்கலாம்.

மழைநீர் சேகரிப்பு என்றால் குரல் உயரும். "2003லயே தமிழ்நாடு பூரா கட்டாயமாக்கினாங்க. நம்ம குழியில என்ன இருக்கு? உடைஞ்ச டைல்ஸ்!" 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோது எல்லோரும் பயபக்தியோடு அவர் பேச்சைக் கேட்டோம். குழியைத் தூர்வார நிதி திரட்டலாம் என்று தீர்மானம்கூடப் போட்டோம். பிறகு மழை வந்துவிட்டது.

பிளாஸ்டிக் விஷயத்தில் சாருக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதையும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதையும் தேதியோடு ஒப்பிப்பார். ஆனால் கடைக்குக் கிளம்பும்போது பையை எடுக்க மறந்துவிடுவார். கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்துக்கு அவர் நெடுநாள் வாடிக்கையாளர். போதாக்குறைக்குக் கல்யாணத் தாம்பூலப் பைகள் வேறு. சார் வீட்டு பீரோவில் மாமியின் பட்டுப்புடவைகள் ஓரமாக ஒதுங்கி, மஞ்சப்பைகளுக்கு வழிவிட்டிருக்கின்றன. துணிப்பையைப் பலமுறை பயன்படுத்தினால்தான் பூமிக்கு லாபம் என்று மாமி ஒருநாள் மெதுவாகச் சொன்னதற்கு, "கையிருப்பு எப்பவும் அவசியம்" என்று பதில் வந்ததாம்.

செடிகளுக்குத் தினமும் தண்ணீர் விடுவது மாமிதான். சார் திட்டமிடுவார்.

போன வாரம் வசூல் ரொம்ப மந்தம். தெருமுனைக் காய்கறி வண்டியில் வாடிய கோஸ் இலைகளும் காலிஃபிளவர் தழைகளும் குவிந்து கிடந்ததைப் பார்த்து சாருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"ஏம்மா, இதையெல்லாம் எனக்குக் குடுத்துடேன்."

"காய் வாங்கறவங்களுக்குத்தான் தழை, சார்."

பேரம் படியவில்லை. தழைக்காக இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கி, புதிதாக ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மாமி பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பரவாயில்லையே, நம்ம மாடியில காய்ச்சதா?"

சார் ஒரு நிமிடம் யோசித்தார்.

"ஒருவிதத்துல" என்றார்.