வாங்கப்போகிறவர்

லண்டனில் டென்மார்க் தெரு என்று ஒரு குட்டித் தெரு, கிட்டார்க் கடைகளுக்குப் பேர்போனது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே போனால், தலைமுடியைவிட அபிப்பிராயங்கள் அடர்த்தியாக உள்ள ஓர் ஐம்பது வயது ஆசாமியை ஏதாவதொரு கடையில் பார்த்துவிடலாம். அவர்தான் வாங்கப்போகிறவர். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று வாங்குவதென்று அவர் முடிவெடுத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. எந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. 1954இல் வெளிவந்த அந்த வாத்தியத்தின் வம்சாவளி முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் ஆஷ் மரம், 1956 வாக்கில் ஆல்டர். 1959இல் விரல்பலகைக்கு ரோஸ்வுட். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து ஃபெண்டரை வாங்கியது. இந்த இடத்தில் அவர் குரல் கம்மும். 1971இல் கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகுகள் மூன்றாகின. காணாமற்போன அந்த ஒரு திருகை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கடைக்காரர் கிட்டாரை எடுத்து நீட்டினால் முதலில் கவிழ்த்துப் பின்புறத்தைத்தான் பார்ப்பார். ஜாதகம் பார்ப்பவர்கூடப் பத்துப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வார். இவருக்கு, மேல்பூச்சு நைட்ரோவா பாலியெஸ்டரா என்ற ஒன்றுக்கே பத்து போதாது. கடைசியில் கிட்டாரை நிமிர்த்தி, எந்தக் கடையானாலும் தவறாமல் வாசிக்கும் அதே சிறு துண்டை வாசிப்பார், உதட்டைப் பிதுக்குவார், திருப்பித் தந்துவிடுவார். வீட்டில் இருக்கும் பழைய கிட்டாரில் ஆறு தந்திகளில் ஒன்று அறுந்து கிடக்கிறது. அதை மாற்றிப் போட அவருக்கு மனமில்லை. அதுதான் ஸ்ட்ராட் வரப்போகிறதே!

சிரிப்பது இருக்கட்டும். இவ்வளவு ஆராய்ச்சிக்கு நியாயம் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? இல்லை என்பது என் கட்சி. அதற்கு முதல் சாட்சி அந்தக் கிட்டாரேதான். அதை உருவாக்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1938இல் ரேடியோ ரிப்பேர்க் கடை திறந்தவர் அவர். ரிப்பேர்க்காரருக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் மனத்தில் எழுவது, இது கெட்டுப்போனால் எப்படிக் கழற்றுவது என்பதுதான். கழுத்தைப் பசை போட்டு ஒட்டும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு அவர் திருகு போட்டார். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று பிக்கப்புகளையும் சுவிட்சையும் குமிழ்களையும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் பொருத்தினார். தகட்டைத் தூக்கினால் கிட்டாரின் குடல் ஏறக்குறைய முழுவதும் கையோடு வந்துவிடும். எதுவும் முடிந்த முடிவாக இருக்கக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த வாத்தியம் அது. ஒரு திருப்புளியும் ஒரு பிற்பகலும் இருந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயத்துக்குத்தான் நம்மவர் வருஷக்கணக்கில் யோசிக்கிறார்.

அந்தக் கிட்டாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் யாரும் இப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டுகளை மலிவு விலைக்கு மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றில் எதெது நன்றாக இருந்ததோ அதைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்தார். அந்தக் கதம்பத்துக்குத்தான் பிளாக்கி என்று பெயர். 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. அது எந்த வருஷ மாடல் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஸ்டீவி ரே வான் தன் கிட்டாரை 1959 மாடல் என்றே சொல்லிவந்தார். உள்ளே பிக்கப்புகளில்தான் அந்த வருஷம். கழுத்து 1962, உடல் 1963. நம்மவர் கையில் அது சிக்கியிருந்தால் அதன் பின்புறத்தைப் பார்த்த உடனேயே கடைக்காரருக்குத் திரும்பியிருக்கும். டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019இல் 39,75,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்குள் அது எத்தனையோ முறை கழுத்து மாறியிருந்தது, பிக்கப் மாறியிருந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1967இல் மான்டரே மேடையில் ஒன்றைக் கொளுத்தியும் காட்டினார். பிரிட்டனுக்கு வந்த முதல் ஸ்ட்ராட் என்று கருதப்படுவது கிட்டார்க்காரர் ஹாங்க் மார்வினுக்காக 1959இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வரவழைத்தது. அது தேர்வான விதம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் ஜேம்ஸ் பர்ட்டன் ஃபெண்டர் வாசிக்கிறார், அவ்வளவு பெரிய கலைஞர் விலை உயர்ந்ததைத்தானே வைத்திருப்பார் என்று விலைப்பட்டியலைப் பார்த்து எழுதிப் போட்டார்கள். பர்ட்டன் வாசித்ததோ விலை குறைந்த டெலிகாஸ்டர்! தப்புக் கணக்கில் வந்த அந்த வாத்தியத்தின் ஒலியைக் கேட்டு இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே கிட்டார் எடுத்தது.

நம்மவர் உயிரை விடும் இன்னொன்று, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து தரும் ஒலி. அதன் கதையும் இதே ரகம். தொடக்கத்தில் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்தான். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே அந்தரத்தில் நிறுத்திப் புது ஒலிகளைக் கண்டெடுத்தார்கள். அதைப் பார்த்து ஐந்து நிலைச் சுவிட்ச் போடக் கம்பெனிக்கு 1977 வரை ஆயிற்று. பட்டியலில் இல்லாததைத்தான் நம்மவர் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாடலுக்கு மாடல் வித்தியாசமே இல்லையா என்று அவர் சீறக்கூடும். இருக்கிறது. பழைய விரல்பலகையின் வளைவு ஏழேகால் அங்குல ஆரம்; இன்றைய பல கிட்டார்களில் ஒன்பதரை. பழையதில் உடலை ஒட்டிய கட்டைகளில் தந்தியை வளைத்து இழுத்தால் ஒலி செத்துப்போகலாம், புதியதில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இதை அறிய வரலாறு படிக்கவேண்டாம். கையில் பிடித்த ஒரு நிமிஷத்தில் விரல் சொல்லிவிடும். மரம்? பிக்கப் என்பது காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும், அதன் முன்னால் அதிர்வது எஃகுத் தந்தி. இதில் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. அது ஓயும்வரை, பிரையன் மே தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தைச் செதுக்கிச் செய்த வீட்டுக் கிட்டாரோடு குவீன் குழுவில் காலம் முழுவதும் வாசித்தார் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

பெரிய தொகையாயிற்றே, நிதானம் வேண்டாமா என்பது அடுத்த வாதம். வேண்டும்தான். ஆனால் விலையை ஏற்றுவது பெரும்பாலும் பிறந்த தேதி. அதற்குத் தோதாக 1995 முதல் ஃபெண்டர், புத்தம்புதிய கிட்டாரைத் தொழிற்சாலையிலேயே சுரண்டி, பெயர்த்து, துருவேற்றி, ரெலிக் என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறது. அயர்லாந்தின் ரோரி கலஹர் 1963இல் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டிலும் வர்ணம் உரிந்துதான் போயிற்று. அது மேடை மேடையாக அவர் சிந்திய வியர்வையில் உரிந்தது. நம்மவர் அந்த வியர்வையையும் கடையிலேயே வாங்கிவிடலாமா என்று பார்க்கிறார்.

யாருக்கும் தொல்லையில்லாத பொழுதுபோக்கு, விட்டுவிடுங்களேன் என்பவர்களுக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். உண்மையில் அவர் ஒரு நல்ல வரலாற்றாசிரியர். நான் வரலாற்றாசிரியன் என்று அவர் ஒப்புக்கொண்டால் சண்டையே இல்லை. நான் கிட்டார்க்காரன், மாடல் மட்டும் அமையவில்லை என்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது.

கிப்சன் லெஸ் பால் தேடும் பங்காளி ஒருவரும் உண்டு. அதன் கழுத்து ஒட்டியது, எனவே அவருடைய தயக்கத்துக்கு ஒரு திருகளவு நியாயம் அதிகம். ஆனால் அவர் கனவு காணும் 1958 முதல் 1960 வரையிலான சன்பர்ஸ்ட் மாடல் வந்த காலத்தில் சரியாக விலைபோகவில்லை. கிப்சனே அந்த உருவத்தை நிறுத்திவிட்டு, 1968இல்தான் மறுபடி லெஸ் பால் செய்யத் தொடங்கியது.

ஸ்ட்ராட் வாங்க நினைக்கும் வாசகர்கள் மெக்சிகோவின் என்செனாடாவில் செய்ததை எடுத்துக்கொள்ளலாம், பழுதில்லாத கிட்டார். கழுத்து கைக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். நிறம், கடையில் எது இருக்கிறதோ அது. மிச்சப்படும் பணத்தில் நல்ல ஆம்ப் ஒன்று, உபரியாக இரண்டு செட் தந்தி, ஒரு திருப்புளி.