வாத்தியார் வச்சா வேஷம் வருமா?

ஏண்டா பேராண்டி, நடிப்பு கத்துக்கத் தனி வாத்தியார் வச்சிருக்கியாமே? தில்லைநகர்ல, வாரம் ரெண்டு நாளாம். ஒரு வசனம் பேசறதுக்குள்ள போட்டோ ஆல்பம் எடுத்தாச்சாம், தாடியும் வளர்த்தாச்சாம். யாரு கூப்பிட்டாலும் ‘கேரக்டர்ல இருக்கேன்’னு சொல்றியாம். ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் அந்தக் கேரக்டருக்குக் கால்வலி வந்துருதாக்கும்?

கத்துக்கறது தப்புன்னு சொல்லலடா. நம்ம திருச்சியே நடிகனுங்க ஊரு. அவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு கொஞ்சம் காதுல போட்டுக்க.

சங்கிலியாண்டபுரத்துல கணேசன்னு ஒரு பொடியன். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததும் ஆசை புடிச்சுக்கிச்சு. ஏழு வயசு வாக்குல, ‘நான் அனாதை’ன்னு ஒரு புளுகை அவுத்துவிட்டு, யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை நாடகக் கம்பெனில சேர்ந்துட்டான். அவன் போட்ட முதல் வேஷமே அந்தப் பொய்தான்! மேடையில முதல்ல என்ன வேஷம் குடுத்தாங்க தெரியுமா? சீதை. ‘எனக்கு ஹீரோ ரோல்தான் செட் ஆகும்’னு அவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டானா? பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் அங்கதான். சோறும் படுக்கையும் அங்கதான். 1946ல அண்ணா நாடகத்துல சிவாஜியா நின்னான். பெரியார் வாயால அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு. ‘பராசக்தி’ வந்தது 1952ல. கணக்குப் போட்டுப் பாரு. நீ மூணு மாசத்துல சர்ட்டிபிகேட் கேக்குற!

பாகவதர் கதை தெரியுமா? ரயில்வே ஆபீசர் எஃப்.ஜி. நடேச ஐயர் 1914ல திருச்சியில ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பிச்சாரு. குரல் நல்லா இருந்த ஒரு சின்னப் பையனைப் புடிச்சு, அரிச்சந்திரா நாடகத்துல லோகிதாசனா மேடையேத்திட்டாரு. அந்தப் பையன்தான் தியாகராஜ பாகவதர். கண்ணாடி முன்னாடி நிறுத்தி ‘ஃபீல் பண்ணு, ஃபீல் பண்ணு’ன்னா சொன்னாரு?

மார்கழியில ஸ்ரீரங்கத்துக்குப் போ. அத்யயன உற்சவத்துல அரையர் சேவை பாரு. தலையில கூம்புக் குல்லாய், கையில தாளம், அவ்வளவுதான். அதுல முத்துக்குறின்னு ஒரு பகுதி வரும், அங்க ஒரே அரையர் மகளாவும் நிப்பாரு, தாயாவும் நிப்பாரு, குறி சொல்ற கட்டுவிச்சியாவும் நிப்பாரு. சேலை மாத்தினாரா? குரலும் கையும் போதும். அப்பன்கிட்ட மகன் கத்துக்கிட்டு, தலைமுறை தலைமுறையா வர்ற வித்தைடா அது.

இந்தக் காலத்துக் கதை வேணுமா? ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல கணக்கு எழுதப் போனவர்தான் விஜய் சேதுபதி. கணக்கையும் பார்த்தாரு, நடிக்கிறவங்களையும் பார்த்தாரு. நீ யாரைப் பார்க்கற? செல்போன்ல உன் மூஞ்சியத்தானே?

விடியக்காலையில காந்தி மார்க்கெட்டுக்குப் போ. அடிமாட்டு விலைக்குக் கேக்கறவனையும், அழாத குறையாக் குடுக்கறவனையும் பாரு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல சில்லறை இல்லாத கண்டக்டரைப் பாரு. அம்மா மண்டபத்துல திதி குடுத்துட்டுப் படியேறி வர்றவன் முகத்தைப் பாரு. இதுக்கெல்லாம் எவன் பீஸ் கேக்கறான்?

அப்புறம் அந்த வாத்தியார். கத்திரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்கற? ‘எந்த மேடையில நின்னீங்க?’ன்னு பணிவாக் கேளு. ஒரு நாள் சும்மா உக்காந்து வகுப்பைப் பாரு. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொட்டாதே, மாசாமாசம் குடு. ‘டைரக்டர் நமக்கு வேண்டியவர், டெபாசிட் கட்டினா சான்ஸ் நிச்சயம்’னு சொன்னா அப்பவே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பு. நல்ல வாத்தியார் மூச்சு, உச்சரிப்பு, நடைன்னு உசுரை வாங்குவாரு. முதல்ல உன் ழகரத்தைச் சரி பண்ணச் சொல்வாரு. ‘வாழைப்பழம்’ உன் வாயில என்ன பாடு படுதுன்னு எனக்குத் தெரியாதா? சதா உன்னைப் புகழ்ந்துக்கிட்டே இருந்தார்னா, உன்னைவிட அவரு பெரிய நடிகர்னு புரிஞ்சுக்க.

போடா, தாராளமாப் போய்ச் சேரு. ஆனா உன் சம்பாத்தியத்துல கட்டு, உங்கப்பன் பென்ஷன்ல கை வைக்காதே. பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவுல நாடகம் போட்டா, வாயிற்காப்போன் வேஷமானாலும் வாங்கிக்க. நாலு பேரு முன்னாடி நிக்கப் பயந்தா, எந்த வாத்தியாரும் உன்னை நடிகனாக்க முடியாது.