எல்லாத்துக்கும் நம்மாளு இருக்காரு

வாலாஜாபாத் பக்கம் எந்த வீட்டில் ஜாதகம் பொருந்தினாலும் மறுநாள் காலைக் காபிக்கு அவர் வந்து உட்கார்ந்திருப்பார். பெண்ணுக்கு ஒன்றுவிட்ட மாமாவாக இருப்பார், இல்லாவிட்டால் பெரியப்பாவுக்குச் சகலையாக இருப்பார். நாம் மாமா என்றே வைத்துக்கொள்வோம். உறவு மாறலாம், பேச்சு மாறாது. "மண்டபமா? நீங்க எதுக்கு மச்சான் அலையறீங்க? நம்மாளு ஒருத்தர் இருக்காரு."

இந்த நம்மாளுக்குப் பெயர் கிடையாது. மாமாவின் செல்போனைத் திறந்தால் 'பூ நம்மாளு தென்னேரி', 'ஐயர் நம்மாளு', 'பந்தல் நம்மாளு', 'பந்தல் நம்மாளு புதுசு' என்று வரிசையாக நிற்பார்கள். பழைய பந்தல் நம்மாளு என்ன ஆனார் என்று கேட்கக் கூடாது. அவர் போட்ட பந்தல் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும்.

நம்மாளு கணக்கு தனிக் கணக்கு. "வெளியில கேட்டா அறுபது சொல்லுவான். நமக்குன்னு தனி ரேட்டு" என்பார். தனி ரேட்டு அறுபத்தைந்து என்று அப்புறம் தெரியவரும். அதற்கும் மாமாவிடம் பதில் உண்டு. "வெளியாளு அறுபதுன்னு ஒத்துக்குவான், கடைசி நேரத்துல எண்பது கேப்பான். நம்மாளு மொதல்லயே உண்மையைச் சொல்லிட்டாரு பாருங்க." வெளியாளிடமாவது பேரம் பேசலாம். நம்மாளிடம் பேசினால் மாமாவுக்கு முகம் சுண்டிவிடும். ரசீது கேட்டாலோ அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்பார். போதாததற்கு, அந்த ஆளுக்குத் தாம்பூலத்தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும், வேட்டி சட்டை எடுக்க வேண்டும், முதல் பந்தியில் இடம் பிடிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தவர் ஒரே வாரத்தில் சம்பந்தி ஆகிவிடுவார்.

இத்தனையும் செய்தும் முகூர்த்தத்தன்று நம்மாளு வர மாட்டார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மிச்ச மாதங்களிலும் வளர்பிறையாகப் பார்த்துத்தான் பலரும் நாள் குறிக்கிறார்கள். ஒரே நாளில் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரை எல்லா மண்டபத்திலும் மேளம் கேட்கும். நம்மாளு அத்தனை மண்டபத்துக்கும் நம்மாளாக இருப்பார். மீசை முளைக்காத ஒரு பையன் வந்து, "அண்ணன் அனுப்பிச்சாரு" என்று நிற்பான். "நம்மாளோட ஆளுன்னா அவனும் நம்மாளுதானே?" என்பார் மாமா.

பட்டெடுக்கிற நாள்தான் அவருக்குத் திருவிழா. அத்தைகள், சித்திகள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்குப் புறப்படுவார். காந்தி ரோட்டில் வரிசையாகக் கடைகள், கூட்டுறவுச் சங்கக் கடைகளும் இருக்கின்றன. வேன் நிற்காது. "இதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு." பிள்ளையார்பாளையத்தில் ஏதோ ஒரு சந்துக்குள் திரும்பி, இன்னொரு சந்துக்குள் நுழைந்து, ஒரு வீட்டு மாடிக்கு எல்லோரையும் ஏற்றிவிடுவார். முட்டிவலி அத்தை பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார்.

மேலே நம்மாளு புடவையைப் பிரித்துப் போடப் போட, மாமா பாடம் நடத்துவார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே ஊடை இழையால் பூட்டிப் பூட்டிக் கொண்டுபோவதுதான் கோர்வை. நெய்கிறவர் கை மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொரு ஆள் நாடா தள்ள வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய சேலை என்றால் சும்மாவா? அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் புடவையை ஒரு முறை திருப்பிப் பார்த்தாரா என்றால் இல்லை. நம்மாளு எதிரிலேயே திருப்பிப் பார்த்தால் அவர் மனசு என்ன பாடுபடும்?

முட்டிவலி அத்தை மெதுவாக ஏறி வந்தார். பேசவில்லை. முந்தானையில் ஒரு ஜரிகை இழையை இழுத்து நகத்தால் சுரண்டினார். அசல் ஜரிகை என்றால் மேலே வெள்ளியும் பொன் முலாமும் இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். அத்தை நகத்தில் வந்தது வெள்ளை. "இன்னாடா இது, தையல் நூல் மாதிரி இருக்குது?" நம்மாளு அசரவில்லை. "அது நியூ மாடல்க்கா." மாமாவும் தலையாட்டினார். "இப்ப எல்லாம் அப்படித்தான் வருது."

வேன் காந்தி ரோட்டுக்குத் திரும்பியது. முதல் கடை வாசலில் இறங்கும்போதே மாமா சொன்னார்: "நல்லதாப் போச்சு. இந்தக் கடையிலயும் நம்மாளு ஒருத்தர் இருக்காரு."

அந்த வேனில் ஒருத்தி மட்டும் இல்லை. கல்யாணப் பெண். அவள் சுங்குவார்சத்திரத்தில் போன் கம்பெனியில் நின்றபடியே வேலை செய்கிறவள். வார விடுமுறை வரும் நாளில் போகலாம் என்று அவள் கேட்டதற்கு, "அன்னைக்கு நம்மாளு ஊர்ல இருக்க மாட்டாரு" என்று மாமா முடித்துவிட்டார். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதி அவள் பி.எஃப்.-லிருந்து எடுத்தது. நகையில் முக்கால்வாசி அவள் கட்டிய சீட்டு. அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கத்தில் இன்று எத்தனையோ கல்யாணங்கள் பெண்கள் ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்த காசில்தான் நடக்கின்றன. பந்தல்காரனுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியையாவது அவளுக்குக் கொடுத்தால் என்ன?

பத்திரிகை அடித்ததும் நம்மாளுதான். மாமாவின் பெயர் பட்டத்தோடு ஒரு வரியை முழுசாகப் பிடித்துக்கொண்டதால் ஊருக்கு இடம் போதவில்லை. 'வாலாஜா' என்று நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையோடு ஒரகடத்தில் வேலை செய்கிற ஒடிசாப் பையன்கள் அதை அப்படியே போனில் தட்டி, காஞ்சிபுரத்தையும் தாண்டி ராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டைக்குப் போய் இறங்கினார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே ஆற்காட்டு நவாபின் பெயர், முகமது அலி வாலாஜா. நவாபுக்கும் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நம்மாளு இருந்திருக்க வேண்டும்.

(2020-ல் கொரோனா வந்து கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றபோது மாமா தவித்த தவிப்பு சொல்லி மாளாது. நம்மாளுங்களே ஐம்பதைத் தாண்டுவார்களே!)

மாமா பந்திக்கணக்கு கற்றது பழைய வாலாஜாபாத்தில். வீட்டுக்கு மூணு இலை, எட்டு மணிக்குப் பந்தி, பத்து மணிக்கு அடுப்பை அணை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதற்குள் ஊரின் வயிறே ஷிப்டுக்கு மாறிவிட்டது. ரிசப்ஷன் அன்று ஏ ஷிப்ட் முடித்தவர்கள் ஆறு மணிக்கே பசியோடு வந்தார்கள். சி ஷிப்ட் போகிறவர்கள் இலை போடுவதற்கு முன்பே அவசரப்பட்டார்கள். இரண்டு கூட்டமும் போனதும் சமையல் நம்மாளு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் மண்டப வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு. யூனிபார்ம் மாற்றாத பிள்ளைகள், கையில் சுற்றிய பரிசு டப்பாவோடு இறங்கினார்கள். பெண்ணின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாமா யாருக்கும் போன் போடவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தானே அடுப்பைப் பற்றவைத்தார், மிஞ்சியிருந்த ரவையைக் கொட்டி உப்புமா கிண்டினார், மறுநாள் பந்திக்கு வைத்திருந்த ஜாங்கிரியை எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்தார். பஸ் டிரைவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்து இலையில் உட்காரவைத்தார். "சாப்புடுப்பா, இன்னும் கொஞ்சம் வச்சுக்கோ" என்று அவர் குனிந்து பரிமாறியபோது, காஞ்சிபுரத்துப் படிக்கட்டைக்கூட மன்னிக்கலாம் போலிருந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு விவகாரம் வந்தது. 2009-ல் வந்த சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை அவகாசம். பதிவு அலுவலகத்தில் பத்திரிகை கேட்டார்கள், அதில் ஊர் வாலாஜா. மண்டப ரசீது கேட்டார்கள், அது பிறக்கவே இல்லை. மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். மாமா சட்டைப்பையில் போனைத் துழாவினார். "இருங்க மாப்ளே, இந்த ஆபீஸ்லயும் நம்மாளு..."

தை பிறந்து கல்யாணம் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மண்டபத்துக்கு நீங்களே போய்ப் பணம் கட்டி ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். பெண்ணுக்கு லீவு கிடைக்கிற நாளில்தான் பட்டெடுக்கப் போக வேண்டும். மாமாவை ஒதுக்க வேண்டாம், ரவையையும் கரண்டியையும் கொடுத்து பி ஷிப்ட் பந்தியில் நிறுத்துங்கள். அந்த வேலைக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.