கடைக் கம்ப்யூட்டரின் மதிய உறக்கம்

மேசைக் கணினியின் உறக்கம் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இரண்டாம் வகையில் நினைவுகள் வன்தட்டில் இறக்கிவைக்கப்படும். இவற்றுக்கான பொது விதிகளை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996இல் வகுத்தன. ஏரல் ஊர்க் கடைத்தெருவின் மதிய உறக்கத்துக்கு விதிகள் தேவைப்பட்டதில்லை. செருப்புச் சத்தம் கேட்டாலே கடைக்காரர் விழித்துவிடுவார். கணினி அப்படியன்று. ஆடி அமாவாசைக்கு அவ்வூர்ச் சேர்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் பில்லுக்கு நிற்கும்போதுதான் அது கும்பகர்ணன் ஆகும்.

எழுப்பும் முறை வருமாறு: முதலில் மவுஸை ஆட்டுவது, அடுத்து விசைப்பலகையைத் தட்டுவது, மூன்றாவதாக மானிட்டரின் தலையில் தட்டுவது. மூன்றாவதால் பயனடைவது தட்டியவரின் கோபம் மட்டுமே. மின்விசிறி சுற்றியும் திரை இருண்டிருந்தால், அது தூங்குவதுபோல் நடிக்கிறது என்று பொருள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைக்க வேண்டும். சேமிக்காத கணக்கு அதோடு போகும். மீண்டும் எழுந்ததும் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். விசைப்பலகைக்கு எழுப்பும் அனுமதி உண்டா என்று அமைப்புகளில் பார்க்க வேண்டும். அணைத்த பிறகு எழவே மறுத்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, தூசி துடைத்து மறுபடி பொருத்துவது பழைய வைத்தியம்.

எதற்கும் அசையாவிட்டால், சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நலம். அனுபவசாலிகள் இதை முதலிலேயே பார்ப்பார்கள்.