ஒம்பது இஞ்ச் சுவரு

வாய்யா, உக்காரு. அந்தச் சேருக்கு ஒரு காலு ஆடும், சுவரோட சாச்சிப் போட்டு உக்காரு. என்ன, மொகம் உபவாசக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி வாடிக் கெடக்கு? ஓ, அங்க இருந்துதான் வாறியா. அப்பம் சரிதான்.

என்ன சொல்லுத? தேவனோட நெருங்க முடியலையா? நடுவுல ஏதோ தடை இருக்கா? இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தும் போவலையா? எய்யா, நானும் மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருபத்தொரு நாளும் நீ இட்லியத்தான் விட்ட, போனை விடல. முழங்கால்ல நிக்கும்போதும் அது பக்கத்துல வெளிச்சம் போட்டுக்கிட்டே கெடந்துச்சு. ஆண்டவருக்கு ஒரு நிமிஷம், கிரிக்கெட் ஸ்கோருக்கு ஒரு நிமிஷம். சரி, அது சின்னத் தடை. பேட்டரி தீந்தா தானா விலகிரும்.

தடை உடைக்கிற கூட்டத்துக்குப் போயி சீட்டும் எழுதிப் போட்டியாக்கும். சீட்டுல என்ன எழுதின? "எல்லாத் தடைகளும் நீங்க". அவ்வளவுதானா? முகவரி எழுதாம தபால் போட்டா எப்படிய்யா போய்ச் சேரும்? எந்தத் தடை, எங்கன நிக்கி, எத்தன அடி உயரம், யாரு கட்டினா, ஒண்ணுமே எழுதல. நான் எழுதித் தரட்டா? சேலையூரு, உங்க வீட்டுக்கு வடக்க, ஆறடி உயரம், ஒம்பது இஞ்ச் கனம், மேல உடைஞ்ச பாட்டில் சில்லு. கட்டினது நீ. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கது உங்க அண்ணன்.

ஏன் எந்திரிக்க? உக்காரு, டீ வருது.

பாகப்பிரிவினைன்னா சுவரு வரத்தான் செய்யும், அத நான் குத்தம் சொல்லல. நாலரை இஞ்ச் போதும்னு மேஸ்திரி சொன்னாரே, நீதான ஒம்பதுன்னு நின்ன? உங்க அப்பா வச்ச முருங்கை உம் பக்கம் வந்துட்டு. அவரு போட்ட போர் அவன் பக்கம் போயிட்டு. நீ முருங்கைக்காயக் குடுக்கல, அவன் தண்ணி குடுக்கல. இப்பம் காயி முத்தி மரத்துலயே வெடிச்சுத் தொங்குது, நீ வெயில் காலத்துல லாரித் தண்ணிக்கு அலையுத. அந்தச் சுவருலயே ஆணி அடிச்சு, சனவரி மாசம் கோயில்ல குடுத்த வாக்குத்தத்த அட்டைய மாட்டியிருக்கியே, அந்த ஆணி அவன் பக்கம் பூச்சுல விரிசல் விட்டுருக்கான்னு பாத்தியா?

எங்க ஊருப் பக்கத்துல வடக்கன்குளம்னு ஒரு ஊரு இருக்கு. திருநெல்வேலி சில்லாவுல, பனையும் காத்துமா இருக்கும். அங்க ஆர்.சி.க்காரங்க கோயில் ஒண்ணு 1872-ல கட்டினாவ. மேல பீடம் ஒண்ணு, அங்க இருந்து ரெண்டு காலு பிரிஞ்சு வரும், கால்சட்டை மாதிரி. ஒரு காலுல வெள்ளாளரு, முதலியாரு. மத்த காலுல நாடாரும் மத்தவங்களும். நடுவுல சுவரு. இவியளுக்கும் சாமியாரத் தெரியும், அவியளுக்கும் தெரியும், இவிய அவியளுக்குத் தெரிய மாட்டாவ. பாத்தியா எஞ்சினியரு மூளைய? ஆண்டவருக்கும் மனுசனுக்கும் நடுவுல ஒரு தடையும் இல்ல, மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவுல மட்டும் செங்கல்லு. அவரு அந்தப் பீடத்துல உக்காந்துக்கிட்டு எந்தக் காலப் பாத்திருப்பாரோ, பாவம், கழுத்து சுளுக்கியிருக்கும்.

பெறவு 1910-ல காசானெல்னு ஒரு பிரெஞ்சுச் சாமியாரு அந்தச் சுவர இடிச்சுப் போட்டாரு. விட்டாவளா? கோர்ட்டுக்குப் போனாவ. சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போயித் தோத்தாவ. நெனச்சுப் பாரு, "எங்களயும் அவங்களயும் பிரிச்சு வச்சுத்தான் நாங்க சாமி கும்பிடுவோம்"னு வக்கீல் பீஸ் கட்டி வாதாடியிருக்காவ.

சிரிக்காத. நம்ம புராட்டஸ்டண்டு பக்கம் மட்டும் ரொம்ப யோக்கியமா? 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் கூடவே கூடாதுன்னு கடிதம் எழுதினாரு. தஞ்சாவூருலயும் நம்ம வேப்பேரியிலயும் சனம் எந்திரிச்சு வெளியே போயிட்டு. இப்பமும் கலியாண விளம்பரத்தப் பாரு. இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் தேவைன்னு வரிசையா வரும். கடைசில பிராக்கெட்டுக்குள்ள பொடி எழுத்துல ஒரு சாதி. பரலோகத்துக்குப் பெரிய எழுத்து, சொந்தக்காரனுக்குப் பொடி எழுத்து. எங்க தாத்தா அந்தக் காலத்துல எவனத் தள்ளி உக்காரச் சொன்னாருன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத. டீ ஆறிரும்.

உங்க கதைக்கு வாறேன். அண்ணன் காலையில மொத ஆராதனைக்குப் போறான், நீ ரெண்டாவது ஆராதனைக்குப் போற. அவன் வெளிய வந்து செருப்பு மாட்டுத நேரத்துல நீ பைக்க நிறுத்துத. ஒருத்தன ஒருத்தன் பாக்காம இருக்க ரெண்டு பேரும் படுத பாட்டுல பாதிய ஜெபத்துல பட்டிருந்தா மறுரூப மலையே ஏறியிருக்கலாம். வடக்கன்குளத்துக்காரன் செங்கல்லால பிரிச்சான், நீங்க கடிகாரத்தால பிரிச்சிட்டிய. திருவிருந்துக்கு முன்ன ஐயரு சமாதானத்தச் சொன்னவுடனே முன்னால, பின்னால, பக்கத்துலன்னு எல்லாத்துக்கும் கையக் குடுக்கியே, அந்தக் கையி ஒரு நாளாவது காம்பவுண்டத் தாண்டியிருக்கா?

நீ கிறிஸ்தவக் கல்லூரியிலதான படிச்ச? காட்டுக்குள்ள புள்ளிமான் பாத்திருப்ப, 1938-ஐப் பாத்திருக்க மாட்ட. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. எம் மருமவன் அங்க வாத்தியாரு, ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டுக் கண்ணசரும்போதுதான் சரித்திரம் சொல்லுவான். கல்லூரி பட்டணத்துக்குள்ள இருந்து 1937-லதான் தாம்பரத்துக்கு வந்துச்சு. பெயிண்டு வாசம் போறதுக்குள்ள, மறுவருசம் டிசம்பர்ல உலகம் பூராவும் இருந்து மிஷனரிமாரும் சபைத் தலைவருமாரும் அங்க வந்து எறங்கிட்டாவ. ஜான் மாட்டுன்னு ஒரு பெரிய அமெரிக்கக்காரரு தலைவரு. அந்த மாநாடு மொதல்ல எங்க நடக்க இருந்துச்சு தெரியுமா? சீனாவுல, ஹாங்சோவுல. ஜப்பான் படை சீனாவுக்குள்ள புகுந்துட்டு, அதனால நம்ம ஊருக்கு வந்துச்சு.

இப்பம் கேளு. அங்க பொட்டணம் கட்டிக்கிட்டு வந்தவங்கள்ல சீனாக்காரரும் உண்டு, ஜப்பான்காரரும் உண்டு. ஊருல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு, இங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஜெபம் பண்ணுதாவ. ஜப்பான்ல இருந்து ககாவான்னு ஒருத்தரு வந்திருந்தாரு. எங்க நாடு உங்களுக்குச் செஞ்சது தப்புன்னு சீனாக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்ட மனுசன். அதுக்காவ பின்னால 1940-ல சொந்த நாட்டுப் போலீசே அவரப் பிடிச்சு உள்ள வச்சுது. அவருக்கு நடுவுல இருந்தது ஒரு யுத்தம்யா. உனக்கு நடுவுல இருக்கது ஒரு முருங்கை மரம்.

அந்த மாநாட்டுல மத்த மதத்தாருட்ட எப்படிப் பேசணும்னு கிரேமர்னு ஒரு டச்சுக்காரரு தலகாணி மொத்தத்துல புஸ்தகம் எழுதிக் கொண்டு வந்தாராம். சென்னையில செஞ்சையா, சக்கரைன்னு நம்மாளுக அது சரியில்லன்னு வரிஞ்சு கட்டினாங்களாம். அதெல்லாம் பெரிய படிப்பு, மருமவன்ட்ட கேட்டுக்க, எனக்கு அதுக்குள்ள தூக்கம் வந்துரும்.

வேதத்துல ஒரு எடம் இருக்கு, நீ அடிக்கோடு போட்டிருக்க மாட்ட. காணிக்கையத் தூக்கிட்டுப் பலிபீடத்துக்கு வந்தவன், சகோதரன் நெனப்பு வந்தவுடனே காணிக்கைய அங்கயே வச்சிட்டுப் போயி ஒப்புரவாகிட்டு வரணுமாம். நல்லா வாசிச்சுப் பாரு. உனக்கு அவன் மேல குறை இருந்தான்னு சொல்லல, அவனுக்கு உம்மேல குறை இருந்தான்னு சொல்லுது. வசனத்துல வக்கீலுக்கு எடமே விடல பாரு. கலிலேயாவுல இருந்து வந்தவனுக்கு எருசலேமுல அந்த நெனப்பு வந்தா, போவ மூணு நாள், வர மூணு நாள் நடை. ஆட்டுக்குட்டிய யாரு பாத்துக்கிடுவா? அவனே போவணும்னு இருக்கும்போது, நீ ஒம்பது இஞ்ச்சுக்கு ஓலா தேடுத.

திமிர்வாதக்காரன நாலு பேரு தூக்கிட்டு வந்தாவளே, வாசல்ல கூட்டம்னு கூரையப் பிரிச்சு எறக்கினாவளே, அந்த வீட்டுக்காரன் கூரைக்குக் காசு கேட்டான்னு எங்கயும் எழுதல. தடை உடைக்கணும்னா அப்படி யாரு வீட்டையாவது கொஞ்சம் பிரிச்சுத்தான் ஆவணும், எண்ணெய்ப் பாட்டில் வாங்கியாந்தா ஆவாது. சுவர இடின்னு நான் சொல்லல, மேஸ்திரி கூலி எனக்கும் தெரியும். ஒரு கட்டு முருங்கைக்காய அந்தப் பக்கம் குடு. மேல கூடி எறியாத, சில்லு இருக்கு. வாசல் வழியாப் போ. காலிங் பெல்ல அமுக்கு. அண்ணி திறந்தா இன்னும் நல்லது.

என்னது? எனக்கா? எனக்குத் தம்பி இருக்கானாவா?

இருக்கான். ஊருல இருக்கான். நாப்பது பனை விசயம். அது வேற கேசு, உனக்குப் புரியாது. பதினேழு வருசமா… இங்க பாரு, நான் கெழவன், முட்டிவலி, அவ்வளவு தூரம் எப்படி… சிரிக்கியா லே?

சரி, அந்தப் போன எடு. உபவாசத்துலயும் விடாம வச்சிருந்தியே, அதுக்கு ஒரு உபயோகம் வரட்டும். வெள்ளிக்கெழம ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், தாம்பரத்துல ஏறுத மாதிரி, லோயர் பெர்த் இருக்கான்னு பாரு. என்ன, வெயிட்டிங் லிஸ்டா?

பாத்தியா, தடை!