விண்வெளி நாட்டாமை

ரசீது கொடுக்கும் கொள்ளைக்காரரைப் பார்க்க வேண்டுமா? ஈவ் ஆன்லைனுக்குப் போங்கள். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டு அது. அங்கே தாது வெட்டிப் பிழைக்கலாம், வியாபாரம் செய்து பிழைக்கலாம், பிறரைச் சுட்டும் பிழைக்கலாம். சுட்டுவிட்டு, ‘உன் நன்மைக்காகத்தான் சுட்டேன்’ என்று சொல்லியும் பிழைக்கலாம். நம்ம நாட்டாமை இந்தக் கடைசி ரகம்.

காவல் பலமாக உள்ள ‘ஹைசெக்’ மண்டலம்தான் அவருடைய பதினெட்டுப்பட்டி. அங்கே ஓர் அப்பாவி, விண்கல்லில் லேசரைப் பாய்ச்சிவிட்டு, அது பாட்டுக்கு வெட்டட்டும் என்று டீ போடப் போயிருப்பார். நாட்டாமைக்கு அதுதான் பொறுக்காது. உழைக்காமல் சம்பாதிப்பது சமூகச் சீர்கேடு அல்லவா? 2012-இல் ‘நியூ ஆர்டர்’ என்றொரு கூட்டம் இதற்கென்றே சட்டப் புத்தகம் எழுதியது. தாது வெட்ட ஆண்டுக்கு 1 கோடி இஸ்க் கட்டி பெர்மிட் வாங்க வேண்டும். இஸ்க் என்பது அந்த உலகத்துக் காசு. பெர்மிட் வாங்கினாலும் இருக்கையை விட்டு எழக் கூடாது. பேச்சில் பணிவு வேண்டும். சட்டம் இயற்ற அவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? அவர்களேதான்.

பெர்மிட் இல்லாதவருக்கு முதலில் ஒரு முட்டு. கப்பலால் கப்பலை இடித்துக் கல்லைவிட்டு விலக்குவது அங்கே குற்றமில்லை. அதற்கும் மசியாவிட்டால் தீர்ப்பு நாள்தான். விலை குறைந்த ‘கேட்டலிஸ்ட்’ கப்பல்கள் சில சேர்ந்து பாயும். விலையுயர்ந்த சுரங்கக் கப்பல் தூளாகும். சில நொடிகளில் கன்கார்டு வரும். அதுதான் கணினியே இயக்கும் அங்கத்திய போலீஸ். வந்து காப்பாற்றாது, பழிவாங்கும். நாட்டாமையின் கப்பலும் தூள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியவில்லை. போகப் போகும் கப்பலின் விலையைப் புறப்படும்போதே செலவுக் கணக்கில் எழுதியாயிற்று. கன்கார்டிடமிருந்து தப்பப் பார்ப்பது விளையாட்டின் விதிப்படியே கூடாது. எனவே தப்ப மாட்டார். இடம், நேரம் தவறாமல் வந்து நின்று வெடிப்பார். சட்டத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்ட குடிமகன் அந்த அண்டத்திலேயே கிடையாது.

குற்றவாளி முத்திரை கலையப் 15 நிமிடம் ஆகும். அந்த நேரத்தை அவர் வீணாக்குவதில்லை. இழந்தவருக்குக் கடிதம் எழுதுவார்: “தங்கள் கப்பல் சிதறியதற்கு ஆழ்ந்த வருத்தங்கள். பெர்மிட் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? கட்டணம் 1 கோடிதான்.” மறுமுனையிலிருந்து வண்டி வண்டியாக வசவு வரும். அவற்றை வரிசைப்படுத்திச் சேர்த்து வைப்பார். பணிவு பற்றிய விதியை மீறியதற்குத் தனி வழக்கும் பதிவாகும்.

செய்த பாவத்துக்கு ஏற்ப அவருடைய பாதுகாப்பு மதிப்பெண் சரியும். மைனஸ் 5-க்குக் கீழே இறங்கினால் யார் வேண்டுமானாலும் அவரைச் சுடலாம். சுட்டவர்மீது கன்கார்டு பாயாது. நாட்டாமையோ மைனஸ் 10-ஐத் தொட்டுவிட்டு, அதற்குக் கீழே படி இல்லையே என்று ஏங்குபவர். ஆனால் ஒருநாள் யாரோ ஒரு தாதுவெட்டி, டீயைக் கூட மறந்து காத்திருந்து, சட்டப்படியே அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டால் பார்க்க வேண்டுமே! “ஒரு எச்சரிக்கை கிடையாதா? கேட்க நாதியே இல்லையா?” என்று ஊரைக் கூட்டுவார்.

இத்தனைக்கும் காவல் இல்லாத மண்டலங்கள் அந்த விளையாட்டில் பரந்து கிடக்கின்றன. கன்கார்டு எட்டிப் பார்க்காது. எவ்வளவு வேண்டுமானாலும் சுடலாம். நாட்டாமை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். அங்கே எவனும் லேசரை ஓடவிட்டு டீ போடப் போவதில்லை. அந்த மண்டலத்துக்குப் போகிறவன் திருப்பிச் சுடவும் தெரிந்தவன். போலீஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அசந்திருக்கும் ஆள் கிடைப்பது ஹைசெக்கில்தான். ஆட்டக்காரர்களின் குரலாகப் பேச, அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் மன்றம் 2008 முதல் உண்டு. கன்கார்டைக் கலைத்துவிடலாமா என்று அங்கே பேச்சு வந்தால், “கூடவே கூடாது!” என்று முதல் ஆளாகக் கொடி பிடிப்பவர் நம்ம நாட்டாமையாகத்தான் இருப்பார்.