அமீர்பேட்டையில் இறந்தகாலம்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கவென்றே 1958-ல் ஐதராபாத்தில் ஒரு மத்திய நிறுவனம் தொடங்கினார்கள். 2007-ல் அது மத்தியப் பல்கலைக்கழகமாகி, தார்நாகாவில் கம்பீரமாக நிற்கிறது. அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோ ஏறினால் அமீர்பேட்டை. இங்கே அதே ஆங்கிலம் ஜாவா, பைத்தான் வகுப்புகளுக்குப் பக்கத்து மாடியில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று விலைபோகிறது.

ஜாவாவாவது பரவாயில்லை, விதி மாறினால் புது வெர்ஷன் என்று அறிவித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அந்த அறிவிப்பும் இல்லை. 'கோ' ஏன் 'வென்ட்' ஆயிற்று? உண்மையில் 'வென்ட்' என்பது 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ'வின் பழைய இறந்தகாலத்தை எழுப்பிவிட்டு, பஸ்ஸில் துண்டு போட்டவர்போல அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சில நூற்றாண்டுகளாக டிக்கெட் கேட்பாரில்லை.

இந்த லட்சணத்தில் 'டிட் யூ வென்ட்?' என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாவம், நடந்த காரியத்துக்கு இரண்டு சாட்சி வைக்கிறார், அவ்வளவுதான். (நாமும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 'வா' எப்படி 'வந்தான்' ஆகி, பிறகு 'வருவான்' ஆனது என்று ஒரு தெலுங்கர் கேட்டால், நமக்கு அவசர வேலை வந்துவிடும்.) மாணவர்களின் செல்லப்பிள்ளை என்னவோ மூன்று வடிவத்திலும் மாறாத 'கட், கட், கட்'தான்.

எல்லாம் உருப்போட்டு நேர்காணலுக்குப் போனால், கடைசியில் 'வி வில் கெட் பேக் டு யூ' என்கிறார்கள். 'கெட்'டின் இறந்தகாலம் 'காட்' என்று மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். இந்த வாக்கியத்தில் அந்த வினை எதிர்காலத்தைவிட்டு இறங்குவதேயில்லை.